அத்தை கொடுத்த, என்னவென்றே தெரியாத பொருள்

கடந்த ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் என் அண்ணன் மகன் ஈப்போவிலிருந்து வந்து எங்கள் வீட்டில் மூன்று வாரம் தங்கினான். வயது 13. முதலாம் படிவம். தமிழ்ப்பள்ளியில் படித்த ஆறு ஆண்டும் கதை சொல்லும் போட்டி, திருக்குறள் ஒப்புவித்தல் என்று மேடையைவிட்டு இறங்காத பிள்ளை. இந்த முறை ‘ஆமாம்’, ‘இல்லை’, ‘அப்புறம்’ என்ற மூன்று சொற்களை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வந்தவன் போல இருந்தான்.

காரணத்தை அண்ணி தொலைபேசியில் சொன்னார். இடைநிலைப்பள்ளிக்குப் போன புதிதில், ஆங்கில வகுப்பில் எழுந்து நின்று ஒரு பத்தியை உரக்கப் படித்திருக்கிறான். ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்துவிட்டான். வகுப்பே சிரித்தது. அந்தச் சொல்லே அவனுக்குப் பட்டப்பெயரும் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எந்த மொழியிலும் அவன் உரக்கப் படிப்பதில்லை.

நான் வானொலி அறிவிப்பாளர். உச்சரிப்புதானே என் பிழைப்பு, ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். வந்த அன்று மாலையே ஒரு கட்டுரையை அவன் முன்னே வைத்துப் படிக்கச் சொன்னேன். ஐந்து வரிக்குள் நான்கு முறை திருத்தினேன். ஐந்தாவது முறை வாயைத் திறப்பதற்குள், “போதும் அத்தை” என்று தாளை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் எனக்குத் தொண்டை கட்டியது. அதற்கு மறுநாள் குரலே வரவில்லை. ஒரு வாரத்துக்குப் பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார் மருத்துவர். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். பேசாத அத்தையும் பேசாத மருமகனும்! வெளியே மழை வேறு.

இந்தக் கட்டுரை அந்த வாரத்தில் நாங்கள் ஆடிய ஒரு விளையாட்டைப் பற்றியது. அதற்கு 40 வயது தாண்டிவிட்டது. படம் கிடையாது, இசை கிடையாது, சுடுவது ஓடுவது எதுவும் கிடையாது. திரையில் எழுத்து மட்டும்தான்.

வானொலியில் பிறந்த கதை

வானொலி நாடகங்களைப் பற்றிய ஒரு நிகழ்ச்சிக்காகக் குறிப்பு சேர்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த விளையாட்டு என் கண்ணில் பட்டது. பெயர் ‘த ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி’. விண்வெளியில் ஓசிப் பயணம் போகிறவர்களுக்கான கையேடு என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பெயரில் ஒரு நாவல் இருப்பது பலருக்குத் தெரியும். நாவலுக்கு முன்பே இது வானொலி நாடகமாக வந்தது என்பது பலருக்குத் தெரியாது. இங்கிலாந்து எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ் எழுதிய இந்த நகைச்சுவைத் தொடரின் முதல் பகுதியை, 1978 மார்ச் 8ஆம் தேதி பிபிசி ரேடியோ 4 ஒலிபரப்பியது. இரவு பத்தரை மணி நிகழ்ச்சி. பெரிய விளம்பரம் ஒன்றும் இல்லை. ஆனால் கேட்டவர்கள் விடவில்லை. 1979இல் அது நாவலானது. பிறகு தொலைக்காட்சித் தொடர், விளையாட்டு, திரைப்படம் என்று போய்க்கொண்டே இருந்தது.

கதை எளிமையானது. ஆர்தர் டென்ட் என்ற சாதாரண மனிதர் ஒரு நாள் காலையில் கண் விழிக்கிறார். புதுச் சாலை போடுவதற்காக அவர் வீட்டை இடிக்க வாசலில் புல்டோசர் நிற்கிறது. வீட்டைக் காப்பாற்ற அவர் அதன் முன்னால் படுத்துக்கொள்கிறார். அதே நேரத்தில், விண்வெளியில் நெடுஞ்சாலை போடுவதற்காகப் பூமியையே இடிக்க வேற்றுக்கிரகத்துக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. ஆர்தரின் நண்பர் ஃபோர்ட் பிரிஃபெக்ட் உண்மையில் வேற்றுக்கிரகவாசி. அவர்தான் ஆர்தரைக் கடைசி நிமிடத்தில் ஒரு கப்பலில் ஓசியில் ஏற்றிக் காப்பாற்றுகிறார்.

அம்மாவுக்கு இந்த இடத்தைச் சொன்னபோது சிரிப்பு வரவில்லை. “எஸ்டேட்டுல நமக்கும் இப்படித்தான ஒரு காயிதத்தைக் கொடுத்துட்டு வீட்டைக் காலி பண்ணச் சொன்னாங்க” என்றார்.

எழுத்தால் ஆடும் ஆட்டம்

எழுத்து விளையாட்டுகளின் காலம் 1970களின் நடுவில் தொடங்கியது. அமெரிக்காவில் வில் குரோவ்தர் என்ற நிரலாளர், குகைகளுக்குள் போய்வரும் தம் பொழுதுபோக்கை வைத்து ஒரு கணினி விளையாட்டு எழுதினார். டான் உட்ஸ் என்பவர் அதை விரிவாக்கினார். அதைப் பார்த்துவிட்டு எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சிலர் ‘ஸோர்க்’ என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். 1979இல் எம்ஐடியைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து தொடங்கிய நிறுவனம்தான் இன்ஃபோகாம்.

டக்ளஸ் ஆடம்ஸுக்கு இன்ஃபோகாம் விளையாட்டுகள் பிடிக்கும். தம் கதையையும் அப்படி ஆக்கலாமே என்று கேட்டார். ‘பிளானட்ஃபால்’ என்ற விளையாட்டை எழுதியிருந்த ஸ்டீவ் மெரெட்ஸ்கியை நிறுவனம் அவருடன் சேர்த்துவிட்டது. ஆடம்ஸ் எழுத்து வேலையைத் தள்ளிப்போடுவதில் பேர்போனவர். ஒரு கட்டத்தில் மெரெட்ஸ்கியே அமெரிக்காவிலிருந்து விமானம் ஏறி, இங்கிலாந்தில் ஒரு கிராமப்புற விடுதியில் தங்கியிருந்த ஆடம்ஸுடன் உட்கார்ந்து வேலையை முடிக்க வேண்டியிருந்தது. 1984இல் விளையாட்டு வெளிவந்தது. வந்த வேகத்தில் நன்றாக விற்றது.

எப்படி ஆடுவது? நீங்கள்தான் ஆர்தர். திரையில் ஒரு பத்தி வரும். இருட்டாக இருக்கிறது என்று சொல்லும். விளக்கைப் போடு என்று நீங்கள் தட்டச்சு செய்ய வேண்டும். விளக்கு எரிந்ததும், இது படுக்கையறை, தலை சுற்றுகிறது, நாற்காலியில் ஓர் அங்கி கிடக்கிறது என்று அடுத்த பத்தி வரும். எழுந்திரு, அங்கியை எடு, அணி, தெற்கே போ. இப்படிச் சின்னச் சின்னக் கட்டளைகளால் கதையை நகர்த்த வேண்டும்.

முழு விளையாட்டும் 128 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். இன்று நம் கைப்பேசியில் நாசி லெமாக்கை ஒரு படம் எடுத்தால் அது இதைப்போல் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்தச் சின்ன இடத்துக்குள் ஒரு பூமி, ஒரு மதுக்கடை, இரண்டு விண்கப்பல்கள், ஒரு திமிங்கிலம், எந்நேரமும் சோர்ந்து கிடக்கும் ஒரு ரோபோ எல்லாம் இருக்கின்றன. படம் வரைய வேண்டிய வேலை படிப்பவருடையது. வானொலியில் நாங்கள் நம்பியிருப்பதும் அதைத்தானே.

“என்னடா எழுதியிருக்கு?”

முதல் நாள் நாங்கள் மௌனமாகவே ஆடினோம். மடிக்கணினியை நடுவில் வைத்து, அவன் தட்ட, நான் கையால் சைகை காட்ட, இருபது நிமிடத்துக்குள் மூன்று முறை செத்தோம். படுக்கையைவிட்டு எழத் தாமதித்தால் போதும், புல்டோசர் வீட்டோடு சேர்த்து நம்மையும் தரைமட்டம் ஆக்கிவிடுகிறது.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பயற்றங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும், மலாய் பேசத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. நாங்கள் இருவரும் திரையைப் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பதைப் பார்த்ததும் அவரால் பொறுக்க முடியவில்லை.

“என்னடா எழுதியிருக்கு? பாட்டிக்கும் சொல்லு.”

நான் சொல்ல முடியாது. எனக்குக் குரல் இல்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். வேறு வழியில்லாமல் தமிழில் சொல்ல ஆரம்பித்தான். முதலில் ஒரு வரி. பிறகு இரண்டு வரி. அரை மணி நேரத்தில், தன்னை அறியாமலே ஆங்கிலத்தில் ஒரு பத்தியை உரக்கப் படித்துவிட்டு, அதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான். பல சொற்களைத் தவறாகத்தான் உச்சரித்தான். என்னால் திருத்த முடியவில்லை. அந்த மருத்துவருக்கு இன்றும் மனத்துக்குள் நன்றி சொல்கிறேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். அவன் ஏதாவது சொல்லை எழுத்துப்பிழையோடு தட்டினால், விளையாட்டு அவனைக் குறை சொல்வதில்லை. அந்தச் சொல் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்லும். தெரியாதது அதற்குத்தான். அவன் அடுத்த முயற்சிக்குப் போய்விடுவான்.

அம்மா ஆட்டத்துக்குள் இறங்கிய பிறகு நாங்கள் போன பாதையே மாறிவிட்டது. கதையில் பூமி இடிபடுவதற்கு முன் ஃபோர்ட், ஆர்தரை மதுக்கடைக்கு அழைத்துப் போவார். அங்கே மூன்று கிளாஸ் பீர் குடித்தால்தான் விண்வெளிப் பயணத்தை உடம்பு தாங்கும். “இதுதான் நீ புள்ளைக்குச் சொல்லிக்குடுக்குற வெளையாட்டா?” என்று என்னைப் பார்த்தார் அம்மா. நல்ல வேளை, எனக்குப் பேச்சு இல்லை.

மதுக்கடையில் சாண்ட்விச் விற்கிறார்கள். வெளியே பாதையில் ஒரு நாய் நிற்கிறது. நாங்கள் இரண்டு முறை அந்த நாயைத் தாண்டி ஓடிவிட்டோம். வீடு இடிபடும் அவசரம் எங்களுக்கு. மூன்றாவது முறை அம்மா விடவில்லை.

“பசிச்ச நாயப் பார்த்துக்கிட்டே போனா போற காரியம் வெளங்குமா? அந்த ரொட்டிய வாங்கி அதுக்குப் போட்டுட்டுப் போங்க.”

போட்டோம். அதற்கான காரணம் ஐந்து நாள் கழித்துத்தான் புரிந்தது. ஆட்டத்தின் பின்பகுதியில், கண்ணுக்கே தெரியாத அளவு சிறிய ஒரு விண்வெளிப் போர்ப்படைக்குள் நாம் போய்ச் சேருகிறோம். அந்தப் படை பூமிக்கு வருகிறது. தொடக்கத்தில் நாய்க்குச் சாப்பாடு போடாமல் வந்திருந்தால், அதே நாய் அந்தப் படையை நம்மோடு சேர்த்து விழுங்கிவிடும். அதுவரை ஆடியது எல்லாம் வீண்.

காதுக்குள் போக மறுத்த மீன்

இந்த விளையாட்டின் பேர்போன இடம் பேபல் மீன் புதிர். இந்தக் கதையில் பேபல் என்பது ஒரு குட்டி மீன். அதைக் காதுக்குள் விட்டுக்கொண்டால் எந்த மொழியும் புரியும். விண்கப்பலில் மீன் தரும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் மீன் பாய்ந்து வெளியே வரும், எதிர்ச் சுவரில் இருக்கும் ஓட்டைக்குள் போய்விடும்.

ஓட்டைக்கு மேலே ஒரு கொக்கி இருக்கிறது. அதில் அங்கியை மாட்டினால் ஓட்டை மறையும். மீண்டும் அழுத்தினால், மீன் அங்கியில் மோதிக் கீழே விழுந்து வடிகாலுக்குள் போகும். வடிகால் மேல் துண்டைப் போட்டால், துண்டில் விழுந்த மீனைத் துப்புரவு ரோபோ ஒன்று அள்ளிக்கொண்டு தன் சின்னக் கதவு வழியாக ஓடிவிடும். கதவை ஃபோர்டின் தோள்பையால் அடைத்தால், ரோபோ அதில் மோதி மீன் மேலே பறக்கும். அங்கே மேல்பாதி அறையைத் துப்புரவு செய்யும் இன்னொரு பறக்கும் ரோபோ வந்து அதைப் பிடித்துக்கொள்ளும்.

இங்கே இரண்டு நாள் மாட்டிக்கொண்டோம். இயந்திரத்தில் மீன்களும் அளவோடுதான் இருக்கின்றன. தீர்ந்தால் முன்னே சேமித்த இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

வழி கண்டுபிடித்தது அவன்தான். பாட்டி வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார். மூலையில் இருந்த விளம்பரத் தாள்கள் மின்விசிறிக் காற்றில் பறக்க, அவர் குப்பையை விட்டுவிட்டுத் தாள்களைத் துரத்தினார். பார்த்துக்கொண்டிருந்தவன் ஒரு சத்தம் போட்டான். ஆர்தர் வீட்டு வாசலில் தபாலில் வந்த விளம்பரத் தாள்கள் குவிந்து கிடந்ததை நாங்கள் படித்திருந்தோம். குப்பைதானே என்று எடுக்கவில்லை. இப்போது எடுக்கலாம் என்றால் பூமியே இல்லை!

முதலிலிருந்து தொடங்கினோம். தாள்களை எடுத்துக்கொண்டு வந்து தோள்பை மேல் வைத்தோம். பொத்தானை அழுத்தினோம். ரோபோ பையில் மோத, தாள்கள் பறக்க, பறக்கும் ரோபோ அவற்றை அள்ளுவதில் மும்முரமாக, மீன் நேராக எங்கள் காதுக்குள் வந்து விழுந்தது. மருமகன் நாற்காலி மேல் ஏறி நின்று அந்தப் பத்தி முழுவதையும் படித்தான். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

1980களில் இந்தப் புதிரை விடுவித்தவர்களுக்காகவே, பேபல் மீன் எனக்குக் கிடைத்துவிட்டது என்று அச்சிட்ட டி-சட்டைகளை இன்ஃபோகாம் விற்றது. ஏன் விற்றது என்று இப்போது புரிகிறது.

பிழையால் மூண்ட போர்

இதையெல்லாம் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறொரு இடம்.

நாவலில் ஒரு சம்பவம் வரும். ஆர்தர் போகிறபோக்கில் சொன்ன ஒரு வாக்கியம், காலவெளியில் ஏற்பட்ட ஓட்டை வழியாக எங்கோ தொலைதூரத்துப் பேச்சுவார்த்தை மேசைக்குப் போய்ச் சேரும். அங்குள்ளவர்களின் மொழியில் அது மிக மோசமான வசையாக இருக்கும். போர் மூளும். அந்தப் போர்ப்படைதான் நாய் விழுங்கவிருந்த படை.

விளையாட்டில் ஆடம்ஸும் மெரெட்ஸ்கியும் ஒரு குறும்பு செய்திருக்கிறார்கள். ஆடுபவர் முன்பு தட்டி, விளையாட்டுக்குப் புரியாமற்போன ஒரு வாக்கியத்தை அது நினைவில் வைத்துக்கொள்கிறது. போருக்குக் காரணமான வாக்கியமாக அதையே காட்டுகிறது.

அந்தப் பத்தியை அவன் பாட்டிக்குப் படித்துக்கொண்டிருந்தான். பாதியில் நின்றான். திரையில் இருந்தது அவன் நான்கு நாளைக்கு முன் எழுத்துப்பிழையோடு தட்டிய வாக்கியம். பிழை மாறாமல் அப்படியே இருந்தது.

எனக்குப் பகீரென்றது. பள்ளிக்கூட ஞாபகம் வந்துவிடுமோ என்று பயந்தேன். ஆனால் அவன் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “பாட்டி, நான் ஸ்பெல்லிங் தப்பா போட்டதுக்கு ரெண்டு கிரகம் சண்டை போடுது பாட்டி!” அதைப் பாட்டிக்கு விளக்குவதற்காக அந்த இடத்தை மூன்று முறை உரக்கப் படித்தான்.

அதுவும் ஒரு பிழைதான். பள்ளியில் ஒரு சொல் பிசகியபோது முப்பது பேர் சிரித்தார்கள், அவன் மட்டும் சிரிக்கவில்லை. இங்கே முதலில் சிரித்தவனே அவன்தான். அன்று இரவு, பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது, பள்ளியில் நடந்ததை அவனாகவே என்னிடம் சொன்னான். எனக்குக் குரல் பாதி திரும்பியிருந்தது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை. முதல் நாள் மாலை நான் நான்கு முறை திருத்தியதும் அந்த வகுப்பின் சிரிப்பும் அவன் காதில் ஒரே மாதிரிதான் விழுந்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நீங்களும் ஆடலாம்

இன்ஃபோகாம் நிறுவனம் 1986இல் வேறு கைக்கு மாறி, 1989இல் மூடப்பட்டது. டக்ளஸ் ஆடம்ஸ் 2001இல் தமது 49ஆவது வயதில் காலமானார். விளையாட்டு மட்டும் பிழைத்துக்கொண்டது. 2004இல் பிபிசி அதைப் படங்களோடு இணையத்தில் ஏற்றியது. அந்தப் பதிப்புக்கு பாஃப்டா விருது கிடைத்தது. 30ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2014இல் ரேடியோ 4 தளத்தில் புதிய பதிப்பு வந்தது. காசு கட்ட வேண்டியதில்லை.

ஆட விரும்பும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகலாம் என்று வரைபடம் போடுங்கள். அடிக்கடி சேமியுங்கள். கையில் கிடைக்கும் எதையும் விட்டுவிடாதீர்கள். விளையாட்டு சில இடங்களில் வேண்டுமென்றே பொய் சொல்லும். ஓர் அறையில் ஒன்றுமே இல்லை என்று அது சாதித்தால் இன்னும் இரண்டு மூன்று முறை கேட்டுப் பாருங்கள். மாட்டிக்கொண்டால் குறிப்புகளைப் பார்ப்பதில் வெட்கமில்லை. அந்தக் காலத்திலேயே இன்ஃபோகாம், தனிப் பேனாவால் தேய்த்தால் மட்டும் விடை தெரியும் குறிப்புப் புத்தகங்களை விற்றது. முக்கியமாக, ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேளுங்கள்.

நாங்கள் இன்னும் முடிக்கவில்லை. மொத்தம் 400 புள்ளி. இப்போது தேநீர் தேடிக்கொண்டிருக்கிறோம். தொடக்கத்திலிருந்தே நம் கையிருப்புப் பட்டியலில் ‘தேநீர் இல்லை’ என்பதும் ஒரு பொருளாக இருக்கும். ஒரு கதவைத் திறக்க, தேநீரும் ‘தேநீர் இல்லை’யும் ஒரே நேரத்தில் கையில் இருக்க வேண்டும். “அத்தை, அதுக்குப் பேர்தான் தே கோசோங்” என்றான் மருமகன். அறிவிப்பாளர் வேலைக்கு இவனைப் போடலாம் என்றார் அம்மா.

அந்தப் பட்டியலில் இன்னொரு பொருளும் உண்டு. ஆர்தரின் அங்கிப் பையில் இருப்பது. உன் அத்தை கொடுத்த, என்னவென்று உனக்கே தெரியாத பொருள் என்பதே அதன் பெயர். கீழே போட்டாலும் அது திரும்ப நம்மிடமே வந்துவிடும். எவ்வளவு பொருளை வேண்டுமானாலும் அதற்குள் போட்டு வைக்கலாம். ஒவ்வொரு முறை பட்டியல் வரும்போதும் அவன் அந்த வரியை மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே படிப்பான்.

விடுமுறை முடிந்து ஈப்போவுக்குப் போய்விட்டான். வகுப்பில் இப்போது எழுந்து நின்று படிக்கிறானா என்று நான் கேட்கவில்லை. சென்ற வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினான். இரண்டு நிமிடம். அவனாகவே ஆடிப் புதிதாகத் திறந்த ஓர் அறையின் வருணனை. ஆங்கிலத்தில் முழுவதும் படித்துவிட்டு, கடைசியில், “இதைப் பாட்டிக்கும் போட்டுக் காட்டுங்க அத்தை, தமிழ் அடுத்த பதிவுல வரும்” என்றான்.

அதில் இரண்டு சொற்களை அவன் தவறாக உச்சரித்திருந்தான். நான் மூன்று முறை கேட்டேன். பிறகு பதில் அனுப்பினேன்: “சேமிச்சியா? சேமிச்சுட்டு வடக்கே போய்ப் பாரு.”